மகள் ஊர் நேரம்

சரக்குக் கப்பலில் பயணியாகப் போகிறவனுக்கு என்ன மரியாதை என்பது படிக்கட்டிலேயே தெரிந்துவிட்டது. கப்பலின் விலாவில் சாய்த்துக் கட்டியிருந்த அலுமினியப் படிகளில் நானும் மனைவியும் ஏறிக்கொண்டிருந்தோம். அவளுக்கு வலது முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்காது. எனக்கு இடது காது யார் பேச்சும் கேட்காது. ஒரு படி ஏறுவது, நிற்பது, கீழே ஆடும் தண்ணீரைப் பார்ப்பது, ஏன் பார்த்தோம் என்று வருந்துவது, மறுபடி ஒரு படி ஏறுவது. நாங்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் பக்கத்துக் கிரேன் ஒரு தெருவுக்குத் தேவையான பெட்டிகளை ஏற்றி முடித்துவிட்டது. உச்சிப்படியில் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்று எங்களை எடைபோட்டார்.

"நீங்கதானா அந்த சாப்பிடற சரக்கு?" என்றார்.

அவர்தான் கப்பலின் சமையல்காரர். எல்லோரும் 'உப்பு' என்று கூப்பிட்டார்கள். அதிகம் போடுவதாலா, போடாமலே விடுவதாலா என்ற என் சந்தேகத்தை முதல் வாய்ச் சோறு தீர்த்து வைத்தது. போடுவதில்லை.

"மத்த சரக்கெல்லாம் பெட்டிக்குள்ள பேசாம கிடக்கும் அண்ணே. நீங்க ரெண்டு பேரும்தான் மூணு வேளையும் சாப்பிட்டுட்டு அது சரியில்ல இது சரியில்லன்னு சொல்லப் போறீங்க."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி."

"அவர் சொல்ல மாட்டார். நான் சொல்வேன்," என்றாள் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே.

உப்பு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். தன் கப்பலுக்கு எப்படிப்பட்ட ஆபத்து ஏறியிருக்கிறது என்பது அப்போதே அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

நாங்கள் கப்பல் ஏறியதற்குக் காரணம் என் இடது காது. உள்ளே எதையோ வெட்டி எதையோ ஒட்டியிருந்தார்கள். "விமானத்துல மட்டும் ஏறிடாதீங்க, ஒட்டினது பிச்சுக்கும்," என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதுவரை விமானம் ஏற எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. டாக்டர் வாய் மூடியதும் காரணம் வந்து சேர்ந்தது. வேறு நாட்டில் இருக்கும் எங்கள் ஒரே மகள், உண்டாகியிருப்பதாகச் சொன்னாள்.

இது அவளுக்கு இரண்டாம் தடவை. முதல் தடவை நிற்கவில்லை. அப்போது நாங்கள் இருவரும் ஃபோனில்தான் இருந்தோம். என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் யார் யாருடைய சாவுக்கும் பிறப்புக்கும் லைன் போட்டுக் கொடுத்தவள். அன்றைக்குச் சொந்த மகள் அந்தப் பக்கம் அழ, இவள் இந்தப் பக்கம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "லைன்லதான் இருக்கேன் கண்ணு, லைன்லதான் இருக்கேன்," என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் நின்றாள். ஃபோனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அடுத்த தடவை லைன்ல இருக்க மாட்டேன். பக்கத்துல இருப்பேன்."

அதனால் நான் நியாயமாகத்தான் பேசினேன். "நீ பறந்து போ. நான் பின்னாலயே மிதந்து வரேன்."

"அவ ரெண்டு பேரையும்தான் வரச் சொன்னா. பாதியா போய் நின்னா, மீதி எங்கன்னு கேப்பா."

"நான் வந்து அங்க என்ன செய்யப் போறேன்?"

"இங்க மட்டும் என்ன செய்வீங்க? கேஸைத் திறந்து வெச்சுட்டுத் தீப்பெட்டியைத் தேடுவீங்க."

வாதம் அத்துடன் முடிந்தது. சரக்குக் கப்பலில் ஓரிரு பயணிகளை ஏற்றுவார்கள் என்று கேள்விப்பட்டு, ஏஜென்ட் ஒருவரைப் பிடித்து, மகளுக்கு டாக்டர் குறித்த நாளுக்கு நிறைய முன்னாலேயே போய்ச் சேரும் கப்பலாகப் பார்த்து ஏறிவிட்டோம். ஆனால் மனைவி அன்று வீட்டைப் பூட்டும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். நினைத்தால் ஒரே நாளில் மகளிடம் போய்விடக்கூடியவள், என் ஒற்றைக் காதுக்காகக் கடல் முழுக்கச் சுற்றிக்கொண்டு போக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதற்கு நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "பால்காரருக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள். சொல்லியிருக்கவில்லை. நன்றி அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

கேப்டன் ஒரு பெண். நாற்பதைத் தொட்டிருப்பார். மனைவி அவரை முதல் நாளே 'கேப்டனம்மா' ஆக்கிவிட்டாள். "எனக்கு ஒரே ஒரு விதிதான் சார்," என்றார் அவர். "ஏத்தின சரக்கை ஏத்தின மாதிரியே இறக்கணும். நீங்க எங்கயும் விழுந்து எதையும் உடைச்சுக்காம இருங்க, அது போதும்." ஜன்னலில் கடல் தெரியும் அறை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் கைநீட்டும் தூரத்தில் துருப்பிடித்த சிவப்புக் கண்டெய்னர் ஒன்று நின்றது. மேஜைக்கு நாலு பக்கமும் விளிம்பு கட்டியிருந்தார்கள். நாற்காலிக்குச் சங்கிலி. கட்டிலுக்கும் ஒரு தடுப்புப் பலகை. "தொட்டில் மாதிரி இருக்கு," என்றாள் மனைவி. இரண்டாம் நாள் அது ஆடவும் செய்தது.

நான் புவியியல் வாத்தியார். கடல் நீரோட்டங்கள், அலைகள், பருவக்காற்று எல்லாம் தலை நரைக்கும் வரை கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியவன். அந்த அம்புக்குறிகள் நிஜமாகவே கடலுக்குள் இருக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி, நான் பெயிலாக்கிய மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து ஆப்பிள் தின்றாள்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் தாடி விட்டேன். கப்பலில் போகிறவனுக்குத் தாடி ஒரு கம்பீரம் என்று எனக்கு எப்போதோ ஓர் எண்ணம். கண்ணாடியில் பார்த்தபோது தலையணையிலிருந்து பிதுங்கிய பஞ்சு போல இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

இந்தக் கதை என் தாடியில் போய் முடியும் என்றாலும், அதன் நடுவில் இருப்பது மனைவியின் கைக்கடிகாரம்.

நாங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். கிழக்கே போகிற கப்பலில் அவ்வப்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். கேப்டனம்மா ஒலிபெருக்கியில் அறிவிப்பார், எல்லோரும் முனகிக்கொண்டே மாற்றுவார்கள். முனகலுக்குக் காரணம், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரத் தூக்கம் போய்விடுகிறது. நான் உற்சாகமாக மாற்றுவேன். கூடவே, தீர்க்கரேகை என்றால் என்ன என்று மெஸ்ஸில் யாராவது ஓர் அப்பாவியைப் பிடித்து விளக்குவேன். இத்தனை வருஷம் கடலில் இருப்பவர்களுக்கு.

மனைவி மட்டும் மாற்றவில்லை. அவள் வீட்டைப் பூட்டிய அன்றே தன் கைக்கடிகாரத்தை மகள் ஊர் நேரத்துக்குத் திருப்பிவிட்டாள். அதுவே அவளுக்கு நேரம். கப்பல் நேரம், கரை நேரம், சூரியன் எல்லாம் அவரவர் சௌகரியம்.

முதல் நாள் காலை உப்பு அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது அவள் மெஸ்ஸில் போய் உட்கார்ந்தாள்.

"முட்டை வேணாம். சோறு ஆயிடுச்சா?"

"அக்கா, இப்பதான் விடிஞ்சிருக்கு."

"உங்களுக்கு. என் பொண்ணு இந்நேரம் மதியச் சாப்பாட்டுக்கு உக்காந்திருப்பா."

"அவங்க உக்காரட்டும் அக்கா. நீங்க முட்டை சாப்பிடுங்க."

"அவ சோறு தின்னும்போது நான் முட்டை தின்னா எனக்கு இறங்காது தம்பி."

உப்பு என்னைப் பார்த்தார். நான் உப்பு டப்பாவைப் பார்த்தேன். கல்யாணமான ஆண்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி அது.

அன்று அவர் கொடுக்கவில்லை. மறுநாள் காலை, ஒரு தட்டில் நேற்றைய சோறும் உருளைக்கிழங்கும் போட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, யாருக்கும் இல்லை என்பது போல மேஜை மூலையில் வைத்திருந்தார். "நான் ஒண்ணும் அக்காவுக்காக வைக்கல. மீந்துபோச்சு," என்றார். அதற்கப்புறம் தினமும் ஏதோ ஒன்று மீந்துபோனது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடும்போது அவள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, சுளீரென்று வெயில் அடிக்கையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பாள். கப்பல் ஆட்கள் எங்கள் அறையைத் தாண்டும்போது மெல்ல அடிவைத்து நடந்தார்கள். "சத்தம் போடாத, மகள் ஊர்ல ராத்திரி," என்று ஒருவரை ஒருவர் அடக்குவது என் நல்ல காதில் விழும்.

நாளாக ஆக அது கப்பலுக்கே பழகிப்போனது. வழியில் கண்டால், "அக்கா, அங்க இப்ப என்ன?" என்பார்கள். "இப்ப நடக்கப் போயிருப்பா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்," என்பாள். கேட்டவர் திருப்தியாகப் போவார். கடிகாரத்தை ஒவ்வொரு முறை முன்னால் தள்ளும்போதும் கப்பலுக்கும் அவளுக்கும் இடைவெளி குறையும். மறுநாள் தூக்கம் கெட்ட கண்களோடு வந்து உப்பு சொல்வார்: "எங்க தூக்கத்தை எல்லாம் உங்களுக்குத்தான் அக்கா மொய் எழுதறோம். கப்பல் உங்க வாட்ச்சைத் துரத்திட்டுப் போகுது."

"ஓடட்டும் ஓடட்டும். பிடிச்சுடும்," என்பாள்.

பிடிக்க ஒரே ஒரு மணி நேரம் பாக்கி இருந்தபோது கப்பல் மகள் ஊருக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது.

கரையில் இடமில்லை. எங்களுக்கு முன்னால் வரிசையில் வேறு கப்பல்கள் நின்றன. டோக்கன் வாங்கிய நோயாளிகள் மாதிரி எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. மேல்தளத்திலிருந்து ஊர் தெரிந்தது. கட்டிடங்கள் தெரிந்தன. வெயில் பட்டு ஒரு ஜன்னல் மின்னினால்கூடத் தெரிந்தது. கேப்டனம்மா எங்களிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியல அக்கா. ஒரு வாரம்கூட ஆகலாம்."

"பரவாயில்ல கேப்டனம்மா. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இருக்கு," என்றாள் மனைவி. கைப்பிடிக் கம்பியை விட்டு அவள் கை நகரவில்லை.

மறுநாள் காலை எங்களை மேலே பிரிட்ஜுக்குக் கூப்பிட்டார்கள். கப்பலை ஓட்டும் அந்த உயரமான கண்ணாடி அறையில்தான் சாட்டிலைட் ஃபோன் இருந்தது. அதில் நாம் பேசியது போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் ஒரு இடைவெளி விழும். பழக்கமில்லாதவர்கள் பதற்றத்தில் ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசுவார்கள். மாப்பிள்ளை அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். மனைவி ரிசீவரை வாங்கினாள். முதுகு நேரானது. குரல் மாறியது. பழைய எக்ஸ்சேஞ்ச் குரல்.

"மாப்பிள்ளை, ஒரு தடவைக்கு ஒரு விஷயம். சொல்லிட்டு நிறுத்துங்க. நான் கேக்கறேன்."

நிறுத்தினார். சொன்னார். பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வலி இப்போதுதான் லேசாகத் தொடங்கியிருக்கிறது. தலைப்பிரசவம், பொழுது சாயும் வரைகூட இழுக்கலாம் என்கிறார்கள். ஃபோனை மகளிடம் கொடுத்தார்.

"அம்மா, எங்க இருக்க?"

மனைவி கண்ணாடி வழியே ஊரைப் பார்த்தாள். "உன்னைப் பாத்துட்டுதான் இருக்கேன் கண்ணு."

இடைவெளி. பிறகு மகள் குரல், சின்னதாக: "லைன்லயே இருக்கியாம்மா?"

இந்த முறை இடைவெளி சாட்டிலைட்டுடையது இல்லை. மனைவி ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நான் என் இடது காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். பிய்த்துக் கடலில் எறிந்துவிடலாம் என்று தோன்றியது.

கேப்டனம்மா எங்கள் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு ஃபோனை எடுத்துக் கரையிலிருக்கும் ஏஜென்ட்டைப் பிடித்தார். வெகு நேரம் பேசினார். முதலில் கேட்டார், பிறகு கெஞ்சினார், பிறகு தணிந்த குரலில் ஏதோ சொன்னார், அதற்குப் பின் அந்தப் பக்கத்தில் மறுபேச்சு இல்லை. வைத்துவிட்டு வந்தார்.

"காய்கறி கொண்டுவர ஒரு படகு வருது. மூணு மணிக்கு. குடியேற்ற அதிகாரியும் அதுலயே வந்து முத்திரை போட்டுடுவார். நீங்க அதுலயே கரைக்குப் போயிடலாம். காய்கறியை இறக்கினதும் கிளம்பிடும், காத்திருக்காது. பெட்டி படுக்கை எல்லாம் இங்கயே இருக்கட்டும், அப்புறம் வந்து வாங்கிக்கலாம்."

"கயித்து ஏணியா?" என்றேன், மனைவியின் முழங்காலைப் பார்த்து.

"கூண்டு இருக்கு சார். கிரேன்ல மாட்டி இறக்கிடலாம். சரக்கு இறக்கறதுதானே எங்க தொழில்."

மூன்று மணி என்பது கப்பல் முழுக்கப் பரவியது. உப்பு மெஸ் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். எல்லோரும் போசன் என்று கூப்பிடும், தளத்து ஆட்களுக்குத் தலைவரான அந்த நெட்டை மனிதர், கூண்டைத் துடைத்து வைத்தார். பேச்சுக்குக் காசு கேட்பார்கள் என்பது போல வாழ்கிற ஆள் அவர்.

சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தோம். மனைவி புடவை மாற்றி, தலை வாரி, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பஞ்சை எடுத்துட்டு வாங்க. குழந்தை பயந்துக்கும். சீக்கிரம், மூணு ஆகப்போகுது."

நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். "இரண்டு ஆகப்போகுதுன்னு சொல்லு. ஒரு மணி நேரம் இருக்கு."

"என் வாட்ச்சுல மூணு."

"உன் வாட்ச்சு மகள் ஊர் நேரம். நாம இருக்கறது கப்பல்ல. தீர்க்கரேகை என்ன சொல்லுதுன்னா..."

"படகு எந்த ஊர்லேர்ந்து வருது?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதில் சொல்லியிருப்பார்கள். நான், "எல்லாம் கேப்டனம்மாவுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, முகம் முழுக்கச் சோப்பு நுரை பூசிக்கொண்டேன்.

கேப்டனம்மாவுக்குத் தெரியும்தான். ஆனால் முந்தின நாள் எல்லோரும் நங்கூரம் போட்டுக் களைத்திருந்ததால், பாவம் தூங்கட்டும் என்று கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் அவர் தள்ளாமல் விட்டிருந்தார். இரக்கப்பட்டதில் கப்பல் கரைக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. ஏஜென்ட் சொன்ன மூன்று மணியை அவர் அப்படியே சொன்னார், நாங்கள் அப்படியே எங்கள் சுவர்க் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டோம். அந்தக் கப்பலில் சரியான நேரம் காட்டியது ஒரே ஒரு கைக்கடிகாரம்தான்.

அதைக் கட்டியிருந்தவள் தனியாகப் போய்த் தளத்தில் நின்றாள். படகைப் பார்த்ததும் எக்ஸ்சேஞ்ச் குரலில் ஒரு தடவை சொன்னாளாம்: "போசன் தம்பி, மூணு மணி வந்துடுச்சு."

அதற்குப் பின் நடந்ததில் பாதியை நான் பிறர் சொல்லித்தான் அறிவேன். ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குளியலறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் நல்ல காது அதன் பக்கம். கெட்ட காது உலகத்தின் பக்கம். நான் வலது கன்னத்தை வழித்து முடித்து, அதன் அழகை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே படகு வந்து ஒட்டியதும் காய்கறி மூட்டைகளை முதலில் மேலே ஏற்றிவிட்டார்கள். குடியேற்ற அதிகாரி, கேப்டனம்மாவிடம் இருந்த எங்கள் பாஸ்போர்ட்டுகளில் முத்திரையைப் போட்டுவிட்டுப் படகிலேயே உட்கார்ந்துகொண்டார். கூண்டு தயார். மனைவிக்கு உயிர்க்கவசச் சட்டை மாட்டியாயிற்று. நான் இல்லை. "அக்கா, நீங்க முதல்ல போங்க, அவரை அப்புறம் அனுப்பறோம்," என்றிருக்கிறார் கேப்டனம்மா. மனைவி கூண்டின் கம்பியில் கைவைத்திருக்கிறாள். ஊரைப் பார்த்திருக்கிறாள். திரும்பி அறைக்குப் போகும் கதவைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை, அவ்வளவுதான்.

அப்போது உப்பு ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இருங்க. சரக்கைப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

படகுக்காரர் கீழேயிருந்து கத்தினார். "நேரமாகுதுய்யா. எல்லாம் நல்ல சரக்குதான்."

"நீ சொன்னா ஆச்சா? போன துறைமுகத்துல இப்படித்தான் ஏமாந்தேன்."

உப்பு வெங்காய மூட்டையை அவிழ்த்தார். ஒன்றை எடுத்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்தார். முகர்ந்தார். காதருகே வைத்து ஆட்டிக்கூடப் பார்த்தார். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அத்தனை விசாரிக்க மாட்டார்கள். "இது சுமார்," என்று தனியே வைத்தார். அடுத்ததை எடுத்தார். வாழ்நாளில் ஒரு வெங்காயத்தையும் திருப்பி அனுப்பாத மனிதர், கிடைத்ததைக் கிடைத்தபடி பானையில் போடுகிறவர், அன்று கோஸுக்கு இதழ் இதழாக நாள் நட்சத்திரம் பார்த்தார். படகுக்காரர் திட்டத் திட்ட, "உருளைக்கிழங்கு எங்க? அதை இன்னும் பாக்கல," என்றார்.

போசன் எங்கள் குளியலறைக் கதவைத் திறந்தார். பயணம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பேச்சில் இரண்டு சொல்லைச் செலவழித்தார்.

"ஐயா. படகு."

"மூணுக்குத்தானே?" என்றேன், கத்தியை ஓங்கியபடி.

அவர் மூன்றாவது சொல்லைச் செலவழிக்கவில்லை. என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். பாதி ஓட்டமும் பாதி இழுவையுமாக நான் தளத்துக்கு வந்தபோது, ஒரு பக்கம் வழவழவென்று முகம், மறுபக்கம் நுரையோடு தாடி, தோளில் துண்டு, கால்களில் அறைச் செருப்பு. கேப்டனம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தும்போது இப்படி இல்லையே சார்," என்றார். பிறகு குரல் தணிந்தது. "தப்பு என்னுதுதான். மணியைச் சொன்னேன், யாரோட மணின்னு சொல்லல. மன்னிச்சுக்குங்க."

மனைவி துண்டை எடுத்து என் நுரையைத் துடைத்தாள். ஒரே இழுப்பு, தாடியோடு வந்துவிடும் போல. பிறகு கூண்டின் கம்பிக் கதவைத் தானே திறந்து, முதலில் என்னை உள்ளே தள்ளினாள்.

உப்பு உருளைக்கிழங்கைக் கீழே வைத்தார். "சரி, எல்லாம் நல்ல சரக்குதான். ஏத்துக்கறேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

கிரேன் எங்களைத் தூக்கியது. கால்களுக்குக் கீழே கப்பல் விலகி, தண்ணீர் வந்து, படகு மெல்ல மேலே எழும்பி வந்தது. சாதாரண நாளாக இருந்தால் பயந்திருப்பேன். அன்று நிமிர்ந்து பார்த்தேன். கைப்பிடிக் கம்பி நெடுக அத்தனை பேரும் வந்து நின்றிருந்தார்கள், இயந்திர அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தவர்கள் உட்பட. யாரும் கையாட்டவில்லை. ஒரு கண்ணாடிச் சாமானை இறக்குவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். படகில் எங்கள் கால் பட்ட பிறகுதான் கையாட்டினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரச் சிகிச்சை எந்தப் பக்கம் என்று எனக்கு வழி சொன்னார். மாப்பிள்ளை ஓடிவந்து எங்களை மேலே கூட்டிப்போனார். மகள் கட்டில் கம்பியைப் பிடித்து, கண்களை இறுக மூடி, ஒரு வலியைத் தாண்டிக்கொண்டிருந்தாள். மனைவி முழங்காலை மறந்து நடந்தாள். கம்பியிலிருந்து அந்தக் கையைப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மகள் கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "மீதி மூஞ்சி எங்க?"

வலிக்கு நடுவே சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்தது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னார், வலி எடுக்கிற பெண்ணைச் சிரிக்க வைக்கக் கூடாதாம். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, வழித்த கன்னத்தையும் வழிக்காத கன்னத்தையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குச் சற்று முன்னால் உள்ளே ஒரு புதுக் குரல் கேட்டது. நல்ல உரத்த குரல். கெட்ட காதிலும் கேட்டது என்றுதான் நான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் நம்புவதில்லை.

சில நாள் கழித்துக் கப்பலுக்குக் கரையில் இடம் கிடைத்தது. மாப்பிள்ளையோடு போய்ப் பெட்டிகளை வாங்கினேன். எங்கள் துணிகளை எங்களைவிட ஒழுங்காக மடித்து வைத்திருந்தார்கள். சவரக்கத்தியைத் துடைத்து, ஒரு துணியில் சுற்றி, மேலே வைத்திருந்தார்கள். பேத்தியின் படத்தைக் காட்டினேன். கேப்டனம்மா தலை சாய்த்துப் பார்த்து, "சரக்கு பத்திரமா வந்து சேந்துடுச்சு," என்றார். போசன் பார்த்தார். ஒரு சொல்லும் செலவாகவில்லை, ஆனால் படத்தைத் திருப்பித் தர அவருக்கு மனமில்லை. மெஸ்ஸுக்கு எடுத்துப்போய் மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எத்தனை மணிக்குப் பொறந்தா?" என்றார் உப்பு.

சொன்னேன்.

"யாரோட நேரத்துல?"

"உங்க அக்கா வாட்ச்சுல."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். "உப்பு, அன்னிக்கு அந்த வெங்காயம்..." என்று ஆரம்பித்தேன்.

"அதுல நிஜமாவே ரெண்டு அழுகல் அண்ணே," என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

கப்பல் திரும்பி மேற்கே போய்விட்டது. நாங்கள் மகள் வீட்டில்தான் இருக்கிறோம். மனைவியின் கைக்கடிகாரத்துக்கு இனி வேலையில்லை, ஊரும் அதுவும் ஒரே மணி. ஆனால் ஒருநாள் என் கைக்கடிகாரத்தைக் காணோம் என்று தேடியபோது, அது அவளுடைய இன்னொரு கையில் இருந்தது. பேத்தியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, கப்பல்ல இப்ப மணி என்ன இருக்கும்? அவங்க தினம் எத்தனை தள்ளி வைப்பாங்க? நீங்கதான் வாத்தியாராச்சே."

எனக்கு இதற்கு மேல் வேறு என்ன வேலை. பேத்தியின் துணி காயும் கொடிக்கடியில் உட்கார்ந்து, வேகம், தூரம், தீர்க்கரேகை எல்லாம் போட்டு, விரல் விட்டு, ஒருமுறை தப்பாகி, மறுபடி போட்டுச் சொன்னேன். அவள் என் கடிகாரத்தை அதற்குத் திருப்பி வைத்தாள்.

"அப்படின்னா காலைச் சாப்பாடு முடிஞ்சிருக்கும்," என்றேன். "உப்பு இந்நேரம் மெஸ்ஸை மூடியிருப்பான்."

"மூடியிருப்பார்," என்றாள். "மூலையில ஒரு தட்டு மட்டும் மீந்துபோயிருக்கும்."